பாட்டு யாருடையது?

பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்காமல் நம்மவர் வீடுகளில் எந்த நல்ல காரியமும் தொடங்குவதில்லை. அந்தக் கோயிலுக்கு ஒரு பக்கம் சாலைக் கடைத்தெரு. மறுபக்கம் கோட்டைக்குள் அக்கிரகாரத் தெருக்கள். சற்றுத் தள்ளிக் கரமனை. நாம் தினமும் நடமாடும் இந்த வட்டாரத்துக்கும் தமிழ் இசைக்கும் உள்ள உறவை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

கரமனையில் வாழ்ந்தவர் நீலகண்ட சிவன் (1839–1900). சர்க்கார் உத்தியோகத்தை உதறிவிட்டு, பாடுவதையே வாழ்வாகக் கொண்டவர். பூர்விகல்யாணியிலும் முகாரியிலும் அவர் செய்த கீர்த்தனைகளைப் பெரிய வித்வான்கள் எல்லாம் பாடியிருக்கிறார்கள்.

தஞ்சை ஜில்லா போலகத்தில் 1890-இல் பிறந்த ராமையா, ஏழு வயதில் தந்தையை இழந்தார். 1899-இல் தாயார் யோகாம்பாள் பிள்ளைகளோடு உறவினர் ஆதரவை நாடித் திருவனந்தபுரம் வந்தார். பிழைப்புத் தேடி இங்கு வந்த நம் முன்னோரின் கதைதான் அதுவும். அந்தப் பையன் இங்கே மலையாளம் கற்றான். மகாராஜா சமஸ்கிருதக் கல்லூரியில் வியாகரணம் படித்துப் பட்டம் பெற்றான். நூரணி மகாதேவ பாகவதரிடம் சங்கீதம் பயின்றான். நீலகண்ட சிவனின் பாடல்கள் அவன் உள்ளத்தில் ஊறின. 1910-இல் தாயார் மறைந்தபின் ஊர் ஊராகக் கோயில்களை நாடிப் போனார் ராமையா. பாபநாசத்தில் அண்ணன் வீட்டில் திருநீறும் பஜனையுமாக இருந்தவரை ஊரார் ‘சிவன்’ என்றழைக்க, பாபநாசம் சிவன் என்ற பெயர் நிலைத்தது.

பின்னாளில் மயிலாப்பூர் மாட வீதிகளில் மார்கழி பஜனை நடத்தினார். கலாக்ஷேத்திரத்தில் கற்பித்தார். ‘தியாகபூமி’யில் (1939) சம்பு சாஸ்திரியாக நடித்தார். ‘சேவாசதனம்’, ‘அசோக்குமார்’, ‘சிவகவி’, ‘ஹரிதாஸ்’ என்று படம் படமாகப் பாட்டு எழுதினார். 1944 தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. 1971-இல் சங்கீத கலாநிதி, 1972-இல் பத்மபூஷண், 1973-இல் மறைவு.

ஆனால் ‘ஹரிதாஸ்’ பாடல்கள் யாருடையவை என்று கேட்டுப் பாருங்கள். “பாகவதர் பாட்டு” என்றுதான் பதில் வரும். தியாகராஜ பாகவதரின் குரலுக்கு நிகர் உண்டா என்பது வேறு விஷயம். அந்தக் குரலுக்குச் சொல் கொடுத்தவர் யார்? பாடியவர் நினைவில் நிற்கிறார். எழுதியவர் மறைந்து போகிறார். சொல்லையும் இசையையும் ஒருசேரத் தந்த வாக்கேயக்காரருக்கே இந்தக் கதி!

நம் வீடுகளில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது. பாட்டு வகுப்புக்குப் போகும் நம் குழந்தைகளில் பலர் தமிழ்க் கீர்த்தனையை மலையாள எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ எழுதிக்கொள்கிறார்கள். ஓசை தவறாமல் வந்துவிடும், பரிசும் கிடைத்துவிடும். பல்லவிக்கு என்ன பொருள் என்று கேட்டால் விழிக்கும். எழுதியவர் பெயர் போனது மட்டுமல்ல, எழுதிய சொல்லும் போய்விட்டது.

“இசைக்கு ஏது மொழி? ராகம் போதாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. ராகம் போதும் என்றால் சிவன் ஏன் மெனக்கெட்டுத் தமிழில் எழுதினார்? சமஸ்கிருத இலக்கணம் கற்றுத் தேர்ந்தவர் அவர். தமிழில் கச்சேரிக்கு ஏற்ற உருப்படிகள் போதுமான அளவு இல்லை என்று பலரும் சொல்லிவந்த காலம் அது. வீட்டுப் பெண்களுக்கும் கோயில் வாசலில் நிற்பவருக்கும் புரியும் தமிழில் நூற்றுக்கணக்கில் எழுதி அவர் அதற்குப் பதில் சொன்னார். புரிய வேண்டும் என்று எழுதியவரின் பாட்டைப் புரியாமல் பாடுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகுமா?

பிள்ளைகளுக்குப் பள்ளியில் மலையாளம், ஆங்கிலம், இந்தி என்று ஏற்கெனவே சுமை இருக்கிறதே என்று பெற்றோர் சொல்வது நியாயமே. நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. மாதம் ஒரே ஒரு பாட்டு. அதைத் தமிழ் எழுத்தில் குழந்தையே தன் கையால் எழுதட்டும். பல்லவியின் பொருளைப் பாட்டியிடமோ தாத்தாவிடமோ கேட்டு அறியட்டும். நம் சங்க விழாக்களில் பாடும் ஒவ்வொரு குழந்தையும் ராகம், தாளத்தோடு இயற்றியவர் பெயரையும் சொல்லிவிட்டுப் பாடட்டும். ஆண்டு விழாவில் ஒரு மணி நேரத்தை நீலகண்ட சிவனுக்கும் பாபநாசம் சிவனுக்கும் ஒதுக்கலாமே.

வெளியூரில் வாழ்ந்தால் தமிழ் போய்விடும் என்று நாம் அடிக்கடி அங்கலாய்க்கிறோம். தமிழ்நாட்டுக்கே பாட்டுக் கொடுத்தவர் தம் பள்ளிப் பருவத்தைக் கழித்தது இந்த ஊரில்தான். அவர் மலையாளமும் கற்றார், தமிழையும் விடவில்லை. நம் பிள்ளைகளாலும் அது முடியும். வீட்டில் நாம்தான் தொடங்கி வைக்க வேண்டும்.