டாட் காம் விலையேற்றம்: எதிர்ப்பு ஏன்?

உங்க சின்ன பிசினஸுக்கு ஒரு டாட் காம் பெயர் வைத்திருக்கிறீர்களா? வருஷாவருஷம் கட்டும் பணத்தில் ஒரு பங்கு, யாரிடம் வாங்கினாலும், அமெரிக்காவின் வெரிசைன் நிறுவனத்துக்குத்தான் போகிறது. டாட் காம் பட்டியலைப் பராமரிக்கும் உரிமை அதனிடம் மட்டுமே.

2012-ல் ஒபாமா அரசு இந்த மொத்த விலையை 7.85 டாலரில் நிறுத்திவைத்தது. 2018-ல் டிரம்ப் அரசு பூட்டைத் திறந்தது: 6 ஆண்டு ஒப்பந்தத்தின் கடைசி 4 ஆண்டுகளில், ஆண்டுக்கு 7% வரை ஏற்றலாம். 2021 முதல் 2024 வரை நாலு தடவையும் ஏற்றினார்கள். விலை 10.26 டாலர் ஆனது.

ரெண்டு டாலர் சொச்சம்தானே? பதிவான பெயர்கள் 15 கோடிக்கும் மேல். பெருக்கினால் ஆண்டுக்கு 36 கோடி டாலர் கூடுதல். இத்தனைக்கும் ஒப்பந்தம் டெண்டர் இல்லாமலே புதுப்பிக்கப்படுகிறது.

பிடிக்கலைன்னா வேறு முகவரிக்கு மாறலாமே என்பது ஆதரவாளர்கள் வாதம். புதுசா தொடங்குபவருக்குச் சரி. விசிட்டிங் கார்டு, மெயில் ஐடி, கூகுள் தேடல் எல்லாமே ஒரே பெயரில் ஓடும் கடைக்காரர் எப்படி மாறுவார்? டாட் நெட்டுக்குத் தாவலாம் என்றால், அதை நடத்துவதும் வெரிசைன்தான்!

எதிர்ப்புக்குப் பலன் உண்டா? 2019-ல் டாட் ஆர்க் விலை உச்சவரம்பை நீக்க வேண்டாம் என ஆயிரக்கணக்கானோர் எழுதினார்கள். மேற்பார்வை அமைப்பான ஐகேன் கேட்கவில்லை, நீக்கிவிட்டது. ஆனால் டாட் ஆர்க் நிர்வாகத்தையே தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கும் திட்டத்தை, எதிர்ப்பு வலுத்தபின், 2020 ஏப்ரலில் அதே ஐகேன் நிராகரித்தது.

டாட் காமில் அடுத்த ஏற்றத்துக்கான கதவு 2026 அக்டோபரில் திறக்கிறது. அதற்கு முன் புதுப்பித்தால் பழைய விலைதான். 10 ஆண்டுகள் வரை சேர்த்தே கட்டலாம்.