தமிழிளைஞனே, ஊரவைக்குத் தமிழோடு செல்க!

கல்லூரி மாணவர் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி அலுவலகங்களுக்குப் பயிலுநராகச் சென்று பணியறிந்து வரும் வழக்கம் அண்மை ஆண்டுகளிற் பெருகி வருகின்றது. இதனை நாம் முழுநெஞ்சோடு வரவேற்கின்றோம். நான்கு சுவர்க்குள் அடைபட்டுக் கிடந்த கல்வி தெருவுக்கு வருவது நன்றே. குழாயில் நீர் ஏன் வரவில்லை, குப்பை எங்கே கொட்டப்படுகின்றது, வீட்டுவரிப் பணம் எவ்வழியிற் செலவாகின்றது என்பவற்றை இருபது அகவை இளைஞன் தன் கண்ணாற் கண்டறிவானாயின், நாளை அவன் வாக்குச்சாவடியில் விலைபோக மாட்டான். ஆனால், அவன் எம்மொழியோடு அங்குச் செல்கின்றான்? எம்மொழியில் எழுதித் தருகின்றான்? யார்க்கு எழுதித் தருகின்றான்? இவ் வினாக்களை எவரும் எழுப்பக் காணோம். ஆதலின் நாம் எழுப்புகின்றோம்.

நிகழ்ந்ததொன்று கூறுவேன். என்னிடம் பள்ளியில் தமிழ் பயின்று, இன்று பொறியியல் பயிலும் மாணவி ஒருத்தி, காவிரிக் கடைமடைப் பகுதியிற் கல்லூரி நகரொன்றின் உள்ளாட்சி அலுவலகத்தில் ஆறு கிழமை பயிலுநராக இருந்தாள். மழைநீர் வடிகால்களைக் கணக்கெடுப்பது அவளுக்கிட்ட பணி. வெயிலிற் கால்தேய நடந்தாள், அளந்தாள், படம் வரைந்தாள். நாற்பது பக்க அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதி முடித்து, எனக்குக் காட்ட வந்தாள். அவள் உழைப்பைக் கண்டு உள்ளம் குளிர்ந்தேன். ஆயின், கல்லூரி விடுதிக்குப் பின்புறமாக ஓடும் வாய்க்கால் ஒன்றைப் 'பெயரில்லா வடிகால், எண் 17' என அதிற் குறித்திருந்தாள்.

திடுக்கிட்டேன். அது தாழை வாய்க்கால்! இருகரையும் தாழை மண்டிக் கிடந்தமையால் எம் முன்னோர் இட்ட பெயர். வருவாய்த்துறைப் புலப்படத்திலும் அப்பெயரே உண்டு.

"ஏனம்மா, இவ் வாய்க்காலுக்குப் பெயரில்லையா?" என்றேன்.

"படிவத்திற் பெயருக்கு இடமிருந்தது, ஐயா. அலுவலகத்திற் கேட்டேன், எவர்க்கும் தெரியவில்லை. கரையில் ஒரு பாட்டி மாடு மேய்த்துக்கொண்டிருந்தார். படிவம் ஆங்கிலத்தில் இருந்ததனால், அவரைக் கேட்க வேண்டுமென்றே எனக்குத் தோன்றவில்லை" என்றாள்.

அன்பரே, அவ் விடையை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பாருங்கள். அம் மாணவி மீது குற்றமில்லை. உண்மையை மறையாது உரைத்தாள். குற்றம் அப் படிவத்தின் மேலது. தாய்மண்ணில், தாய்மொழி பேசும் முதியவரிடம், தாய்நீர் ஓடும் வாய்க்காலின் பெயரைக் கேட்கும் எண்ணத்தையே ஒரு தாள் கொன்றுவிட்டதே! இதனினும் கொடிய அடிமைத்தனம் வேறு யாதுளது?

சொல்லொன்று போனாற் போகட்டும் என்பார் உளர். அவர்க்குச் சொல்வேன்: பெயர் போயின் பொருளும் போம். தாழை வாய்க்காலை ஒருவன் மண்ணிட்டுத் தூர்த்தால், 'தாழை வாய்க்காலைத் தூர்த்துவிட்டான்' என்று ஊர் கூடிக் கேட்கும். 'எண் 17' தூர்க்கப்பட்டால் எவன் கேட்பான்? பெயரற்றது உரிமையாளரற்றது, உரிமையாளரற்றது வளைத்துக் கொள்வார்க்கு எளியது. வளைத்த பின் பெருமழை பெய்தால் மூழ்குவது அறிக்கை எழுதச் செய்தவர் வீடன்று. அப் பாட்டியின் குடிசையே. மடை, மதகு, தூம்பு, கலிங்கு, ஏந்தல், தாங்கல், கண்மாய் என நீர்க்கு மட்டும் இத்துணைச் சொல் படைத்த இனம், இன்று தன் ஊர் நீரை எண்ணிட்டுப் புதைக்கின்றது!

இனி, இப் பயிற்சிகளின் பெயர்களை நோக்குவோம். 2020 சூன் திங்களில் நடுவண் அரசின் நகர்ப்புற அமைச்சும் அனைத்திந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் சேர்ந்து, பட்டம் பெற்ற இளைஞரை நகராட்சிகளிற் பயிலுநராக்கும் திட்டமொன்றைத் தொடங்கின. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'துலிப்'! ஆங்கிலச் சொற்களின் தலையெழுத்துகளைக் கிள்ளிக் கோத்த பெயர். காசுமீரத்துக் குளிரிற் பூக்கும் அப் பூ கடலூரிலும் காரைக்குடியிலும் பூக்குமா? ஆனால், 1969 செப்தம்பர் 24-இல் மாணவரைச் சிற்றூர்ப் பணிக்கு அனுப்பும் திட்டம் தொடங்கப்பட்டபோது, தமிழகத்தில் அது 'நாட்டு நலப்பணித் திட்டம்' எனப் பெயர்பெற்றது. எத்துணைத் தெளிவான சொல்! நாடு, நலம், பணி: மூன்றும் சிற்றூர்க் கிழவிக்கும் விளங்கும். அன்று இயன்றது இன்று ஏன் இயலவில்லை? 'இண்டர்ன்சிப்பு' என நாக்குளறும் பேராசிரியர்கள் 'பணிப்பயிற்சி' எனச் சொன்னால் ஊதியத்திற் குறையுமோ?

மொழி வேலியாவது நமக்குப் புதிதன்று. கழகக் காலத்தே குடத்திலிட்ட ஓலையை எடுக்கும் வழக்கம் இருந்ததை அகநானூற்றின் 77-ஆம் பாட்டுக் காட்டும். பின்னர், முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் உத்தரமேரூரில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. 30 குடும்புகள், அகவை 35 முதல் 70 வரை, வரிசெலுத்தும் நிலம், சொந்த மனை, கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் வாரியத்திற் புகலாகாது என்னும் கட்டுப்பாடு. இவற்றைப் பாராட்டி மேடைதோறும் முழங்குகின்றோம். ஆனால், வடமொழி வேத அறிவும் அங்குத் தகுதியாக வைக்கப்பட்டிருந்ததை எத்துணைப் பேர் எடுத்துரைக்கின்றனர்? ஏரியைக் காத்தது 'ஏரி வாரியம்'. தோட்டத்தைக் காத்தது 'தோட்ட வாரியம்'. ஆண்டு முழுமைக்கும் மேலாண்மை செய்ததோ 'சம்வற்சர வாரியம்'. மண்ணைத் தொடும் பணிக்குத் தமிழ். மேலிருந்து ஆளும் பணிக்கு வடமொழி! ஏரிநீர் பாய்ந்த வயலில் உழுதவன் அவ் வேலிக்கு வெளியே நின்றான். எனினும், தன் கட்டுப்பாடுகளை ஊரறியச் செய்ய வேண்டியபோது அவ் அவையும் பெரும்பாலும் தமிழிலேயே கல்லில் வெட்டிற்று. ஆயிரத்து நூறாண்டுகட்கு முன் வேதமோதியோர் அவைக்கு இருந்த அவ்வளவு நாணமும் இன்றைய கல்லூரிகட்கு இல்லையே! அன்றைய வேலி வடமொழி. இன்றைய வேலி ஆங்கிலம். வெளியே நிற்பவன் மட்டும் மாறவில்லை.

'ஆங்கிலத்தில் அறிக்கை எழுதினால்தானே வேலை கிடைக்கும்?' என்பர் பெற்றோர். அவர்தம் அச்சம் பொய்யன்று. வயிற்றுக் கவலையை நாம் எள்ளி நகையாடோம். வேலைக்கென ஆங்கிலப் படியொன்று எழுதிக் கொள்ளட்டும். ஆனால், எந்தத் தெருவில் நடந்து, எந்தக் குடியிருப்பில் வினவி, எவர்தம் திண்ணையில் நீர் வாங்கிக் குடித்து அவ் அறிக்கை உருவாயிற்றோ, அம் மக்கட்கு அதன் தமிழ்ப்படியைத் தருவது கடமையன்றோ? அவர்களிடமிருந்து செய்தியை வாங்கி, அவர்கட்குப் புரியாத மொழியிற் பூட்டி, சான்றிதழ் பெற்றுக்கொண்டு திரும்புவது கல்வியன்று, களவு. தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956-ஆம் ஆண்டிலேயே இம் மாநிலத்தில் இயற்றப்பட்டது. சட்டம் தாளில் இருக்கின்றது. படிவம் ஆங்கிலத்தில் இருக்கின்றது.

மாற்றாரை மட்டும் கடிந்து அமையேன். தனித்தமிழன்பரே, நம் மீதும் குற்றமுண்டு. 'பஸ்' என்றவனைத் திருத்தினோம், கடைப்பலகைக்குக் கொடிபிடித்தோம், கரணியமா காரணமா எனக் கட்டுரை வரைந்தோம். நன்று. ஆனால், ஊரவைக்கு எத்துணை முறை சென்றோம்? சனவரி 26, மே 1, ஆகத்து 15, அத்தோபர் 2 என நான்கு நாள் கூடிவந்த ஊரவை, 2022 முதல் மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் கூடும் என ஆறாயிற்று. நகர்களிலும் பகுதி அவைகள் அதே 2022-இல் தொடங்கப்பட்டன. அங்கே வரவு செலவு படிக்கப்படும், முடிவுகள் எழுதப்படும், கையொப்பம் வாங்கப்படும். அந் நாள்களில் நாம் எங்கிருந்தோம்? யானும் பல்லாண்டு வீட்டிலிருந்து பாடநூல் திருத்திக் கொண்டிருந்தேன். நாம் விட்ட இடத்திலன்றோ ஆங்கிலப் படிவம் வந்து அமர்ந்தது?

ஆதலின் வேண்டுவன இவை. முதலாவது, தமிழகத்து உள்ளாட்சிகளிற் பயிலும் எம் மாணவரும் தம் அறிக்கையைத் தமிழில் எழுதி ஒப்படைத்தல் வேண்டும். அதற்கே மதிப்பெண் வழங்கல் வேண்டும். இரண்டாவது, அவ் அறிக்கை ஊரவையிலோ பகுதி அவையிலோ மக்கள் முன் படிக்கப்படல் வேண்டும்; கேள்விக்கு மாணவரே நின்று விடைகூறல் வேண்டும். மூன்றாவது, ஊரின் தெரு, குளம், வாய்க்கால், திடல் ஆகியவற்றின் பழம்பெயர்களை முதியோரைக் கேட்டும் பதிவேடுகளைப் பார்த்தும் தொகுப்பது பயிற்சியின் முதற்பணியாதல் வேண்டும். நான்காவது, தமிழாசிரியர் ஒருவர் அவர்கட்குத் துணையாதல் வேண்டும். ஆட்சிச் சொல்லகராதி அடுக்கிலே உறங்குகின்றது. அதனை அவர்கள் கையிற் கொடுப்போம்.

இளைஞனே! கல்லூரி நகரென்றதும் என் நினைவுக்கு வருவது அண்ணாமலை நகர். 1965 சனவரி 27-இல் இந்தித் திணிப்பை எதிர்த்து நின்ற மாணவன் இராசேந்திரன் அங்கே காவலர் துமுக்கிக்கு இரையானான். அவன் குருதி கொடுத்துக் காத்த மொழிக்காக இன்று உன்னிடம் யாம் குருதி கேட்கவில்லை. நாற்பது பக்கம் கேட்கின்றோம். படிவத்தை மடித்துப் பையில் வை. வாய்க்காற்கரைக்குச் செல். மாடு மேய்க்கும் பாட்டியை வணங்கி, 'இதன் பெயர் என்ன, பாட்டி?' எனக் கேள். அவர் சொல்வதை அவர் சொன்னவாறே எழுது.

என் மாணவி திரும்பவும் சென்று கேட்டாள். தமிழ்ப்படியிற் 'பெயரில்லா வடிகால்' இல்லை. தாழை வாய்க்கால் இருக்கின்றது. தூர்ந்த பகுதியின் நீள அகலமும் அதன்கீழ் எழுதப்பட்டிருக்கின்றது. அடுத்த பகுதி அவையில் அவள் அதனைப் படிப்பாள். கேட்க யானும் செல்வேன். நீவிர் உம் ஊரில் எழுமின்!