மேடைக்குக் கீழே நிற்பவர்கள்

பள்ளிகளில் ஆண்டு விழாக் காலம் இது. தருமபுரியில் மாலை நேரத்தில் எந்தப் பள்ளி வழியாகப் போனாலும் உள்ளிருந்து கொரியப் பாட்டு கேட்கிறது. பாலக்கோட்டுப் பிள்ளைக்கும் அரூர்ப் பிள்ளைக்கும் பிடிஎஸ் குழுவின் ஏழு பேரையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டத் தெரியும். பிளாக்பிங்க் பாட்டில் எந்தத் தாளத்துக்குத் தோளைச் சாய்க்க வேண்டும், எங்கே சட்டென்று நிற்க வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. நடனப் பள்ளியில் சேர வசதியில்லாத பிள்ளைகள், கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்து, வீடியோவை மெதுவாக ஓடவிட்டு, ஒவ்வொரு அசைவாகத் தாங்களே கற்றுக்கொள்கிறார்கள். அந்த உழைப்பைப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அண்மையில் ஒரு பள்ளியின் ஒத்திகையைப் பார்க்க அழைத்திருந்தார்கள். பையன்கள் ஒரு குழு, பெண்கள் ஒரு குழு. பையன்கள் சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றிவிட்டு ஆடினார்கள். ஓரிடத்தில் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டவும் செய்தார்கள். ஆசிரியர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். அடுத்து பெண்கள் வந்தார்கள். இடுப்பை அசைக்கும் இடம் வந்ததும் பாட்டு நிறுத்தப்பட்டது. அந்த அசைவை எடுத்துவிட்டுக் கையை மட்டும் ஆட்டச் சொன்னார்கள். பேன்ட்டுக்கு மேல் முழங்கால் வரை நீளமான மேல்சட்டை போட வேண்டும் என்றும் உத்தரவு.

ஒரு மாணவி தயங்கித் தயங்கிக் கேட்டாள். “அவங்களும் இதே ஸ்டெப்தானே மிஸ் போட்டாங்க?”

“அவங்க பசங்கம்மா. உங்களைப் பார்த்தா ஊர்ல நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க.”

அந்த ஆசிரியை கெட்டவர் இல்லை. பிள்ளைகள் மேல் அக்கறை உள்ளவர். அவர் சொன்னதும் பொய் இல்லை. நாலு பேர் பேசத்தான் செய்வார்கள். ஆனால் அந்த நாலு பேரை ஒருவரும் கேள்வி கேட்பதில்லை, திருத்த வேண்டும் என்றும் நினைப்பதில்லை. அவர்கள் வாய்க்கு ஏற்றபடி பெண்பிள்ளையை வெட்டித் தைக்கிறோம். இந்த வாரம் அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

அந்தப் பாட்டுகள் பிறந்த நாட்டிலும் இந்த வழக்கு உண்டு. 2011இல் ஹ்யூனா என்ற பாடகியின் ‘பபிள் பாப்’ பாட்டில் வரும் இடுப்பசைவு தொலைக்காட்சிக்கு ஆகாது என்று தென் கொரியாவின் ஒளிபரப்புக் கண்காணிப்பு ஆணையம் ஆட்சேபம் தெரிவித்தது. அந்தப் பாட்டை மேடையேற்றுவதையே நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அதற்குச் சற்று முன்புதான் டூபிஎம் என்ற ஆண்கள் குழு மேடையில் சட்டையைக் கிழித்துக்கொண்டு ஆடிப் புகழ் பெற்றிருந்தது. காட்டு விலங்கின் ஆண்மை கொண்ட நட்சத்திரங்கள் என்று பத்திரிகைகள் அவர்களுக்குச் செல்லப் பெயர் வைத்துக் கொண்டாடின. 2023 மே மாதம் சியோலில் ஒரு பல்கலைக்கழக விழாவில் மாமாமூ குழுவின் ஹ்வாசா ஆடினார். அதில் வந்த ஒரு சைகை ஆபாசமானது என்று பெற்றோர் அமைப்பு ஒன்று காவல் நிலையத்தில் புகார் கொடுத்தது. அவரை அழைத்து விசாரித்த காவல்துறை, சில மாதங்கள் கழித்து, குற்றம் எதுவும் இல்லை என்று முடிவு செய்தது. சட்டம் அவரை விட்டுவிட்டாலும், நடுவில் போன அந்த மாதங்களை யார் திருப்பித் தருவார்கள்?

கொரிய மேடையில் ஆடும் பெண் பெரும்பாலும் தன் ஆட்டத்தைத் தானே தீர்மானிப்பதில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பயிற்சிக்குச் சேரும் பிள்ளைகள் பலர். உடை, முடி நிறம், உடல் எடை, எந்த வரிக்கு எந்த அசைவு என்பதையெல்லாம் நிறுவனமே முடிவு செய்கிறது. பணமும் பெரும்பகுதி அங்கேதான் போகிறது. பழி வரும்போது மட்டும் அது நேராக அந்தப் பெண்ணிடம் வந்து நிற்கிறது.

2014இல் ‘மினிஸ்கர்ட்’ என்ற பாட்டில் பாவாடையின் ஜிப்பைத் திறக்கும் அசைவுக்காக ஏஓஏ என்ற பெண்கள் குழு வாங்காத பேச்சில்லை. அதே குழு 2019இல் ‘குயின்டம்’ என்ற போட்டி நிகழ்ச்சியில் கோட்டும் பேன்ட்டும் அணிந்து மேடையேறியது. பெண் உடையிலும் உயர்ந்த குதிகால் செருப்பிலும் ஆண் நடனக் கலைஞர்கள் அவர்களோடு ஆடினார்கள். தங்கள் ஆட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் வாய்ப்பு அந்தப் பெண்களுக்குக் கிடைத்தபோது அவர்கள் செய்தது அது. அந்த ஓர் இரவில் கொரியா முழுவதும் அவர்களைப் பற்றிப் பேசியது.

ஆண்களையும் இந்த அளவுகோல் சும்மா விடுவதில்லை. பிடிஎஸ் படத்தைக் கைப்பேசியில் வைத்திருக்கும் பையனை “பொம்பள மாதிரி மேக்கப் போட்டவனுங்களையா புடிக்கும்?” என்று கூடப் படிப்பவர்களே கேலி செய்கிறார்கள். சீனாவில் 2021 செப்டம்பரில், பெண்தன்மை கொண்ட தோற்றத்தில் ஆண்களைக் காட்டக் கூடாது என்று ஒளிபரப்பாளர்களுக்கு அரசே உத்தரவு போட்டது.

இந்தக் கேலியை நம் மாவட்டத்தில் கேட்கும்போதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. இது தெருக்கூத்து வாழும் மண். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கிராமங்களில் திரௌபதை அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால், பகலில் கதை, இரவு முழுவதும் கூத்து. கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் ஊரளவு படுத்திருப்பான். அந்தக் கூத்தில் பாஞ்சாலியாக வருபவர் காலங்காலமாக ஆண்தான். முகத்தில் அரிதாரம், தலையில் சவுரி, காலில் சலங்கை. துகிலுரியும் இடம் வந்தால் கற்பூரம் ஏற்றுகிறார்கள். கிழவிகள் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். வேடம் கட்டிய ஆணின் இடுப்பசைவில் நம் ஊர் தெய்வத்தைக் கண்டிருக்கிறது. அந்தக் கண்ணுக்குப் பெண்ணின் ஆட்டத்தில் மட்டும் ஏன் அசிங்கம் தெரிகிறது?

இதற்கு விடை தேடினால் நூறாண்டு பின்னே போக வேண்டும். கோயில்களில் சதிர் ஆடியவர்கள் பெண்கள். அவர்களுக்குக் கற்றுக்கொடுத்து நட்டுவாங்கம் செய்தவர்களில் பெரும்பாலோர் அவர்கள் குடும்பத்து ஆண்கள். ஆட்டத்தைப் பார்த்து ஆதரித்தவர்கள் ஜமீன்தார்களும் மிராசுதார்களும். சிறுமிகளுக்குப் பொட்டுக்கட்டும் கொடுமையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் போராடினார்கள். அது நியாயமான போராட்டம். இன்றும் அவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது. 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. பொட்டுக்கட்டுவதோடு கோயில் வளாகத்திலும் சுவாமி ஊர்வலத்திலும் பெண் ஆடுவதையும் அது சட்டவிரோதம் ஆக்கியது.

அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, சதிரின் மேல் படிந்த களங்கத்தைத் துடைக்க வழக்கறிஞர் இ. கிருஷ்ண ஐயர் தானே பெண் வேடமிட்டு மேடைகளில் ஆடினார். அவரைச் சபைகள் மதித்தன. தேவதாசி மரபுப் பெண்களுக்கும் மேடை கிடைக்க வேண்டும் என்று உழைத்த நல்ல மனிதர் அவர். 1935இல் ருக்மிணி தேவி அடையாறில் ஆடினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ரா பிறந்தது. நட்டுவனார்கள் குருவாக மதிக்கப்பட்டார்கள். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெயரை இன்றும் பக்தியோடு சொல்கிறோம். ஆட்டம் ‘பரதநாட்டியம்’ ஆகிக் கௌரவம் பெற்றது. ஆனால் தலைமுறை தலைமுறையாக அதை உடம்பில் சுமந்து வந்த பெண்களில், பாலசரஸ்வதி போன்ற சிலரைத் தவிர, மற்றவர்கள் மேடையை இழந்தார்கள். தங்கள் வம்சத்தையே வெளியில் சொல்ல முடியாமல் வாழ்ந்தார்கள். கலைக்கு மதிப்பு வந்தது, கற்றுக்கொடுத்த ஆணுக்கும் வந்தது. பார்த்து ரசித்த கனவான்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆடியவளுக்கு மட்டும் அவமானம்.

அந்தத் தீர்ப்பைத்தான் இன்றைய ‘ஆடல் பாடல்’ மேடைகளில் திரும்பவும் எழுதிக்கொண்டிருக்கிறோம். மாரியம்மன் பண்டிகைக்கு நிகழ்ச்சி வைக்க அனுமதி கேட்டு விழாக் குழுக்கள் உயர் நீதிமன்றம் வரை போகின்றன. ஆபாச நடனம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, மது அருந்திவிட்டுக் கலந்துகொள்ளக் கூடாது என்ற நிபந்தனைகளோடு நீதிமன்றம் அனுமதி கொடுக்கிறது. நிபந்தனைகளில் குறையில்லை. மேடைக்கு முன்னால் போய் நின்று பாருங்கள். குடித்துவிட்டு வந்து கூச்சல் போடுகிறவன், பணத்தை நீட்டி மேடையில் ஏறப் பார்க்கிறவன், கைப்பேசியைக் கீழே பிடித்துப் படமெடுக்கிறவன், இவர்களை யாரும் தடுப்பதில்லை. “அந்தப் பாட்டைப் போடு” என்று நெருக்குவது குழுவில் இருக்கும் இளைஞர்கள். மறுநாள் டீக்கடையில் அடிபடுவது மட்டும் அந்தப் பெண்ணின் உடை. அவள் ஓர் இரவுக் கூலிக்காக வேனில் பல மணி நேரம் பயணம் செய்து வந்து, உடை மாற்ற மறைவான இடம்கூடக் கிடைக்காமல் ஆடிவிட்டுப் போகிறவள். கரகம் எடுக்கும் பெண்களைக் கேட்டாலும் இதே துயரத்தைத்தான் சொல்வார்கள்.

மாற்ற முடியாதா என்றால், முடியும். காஞ்சிபுரம் அருகே ராஜகோபாலும் ஹன்னே டி ப்ருயினும் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் ஆண்பிள்ளைகளோடு சேர்ந்து கூத்துப் படித்தார்கள். பெண்கள் புஜக்கட்டையும் கிரீடமும் கட்டி ராஜா வேடத்தில் சுழன்று ஆடினார்கள். அங்கே படித்த திலகவதி பழனி பெண்களை வைத்தே கூத்து நடத்தினார். ஊர் பார்த்தது, விடிய விடிய உட்கார்ந்து பார்த்தது. பார்க்கக் கற்றுக்கொடுத்தால் ஊர் கற்றுக்கொள்ளும்.

“சின்னப் பிள்ளைகள் வயதுக்கு மீறின அசைவெல்லாம் ஆடலாமா?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. பெரியவர்களைக் கவர்வதற்காக அமைத்த அசைவைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை ஆட வேண்டியதில்லை என்றுதான் நானும் சொல்வேன். அந்தக் கவலை உண்மையானது என்றால் பையன் சட்டையைத் தூக்கியபோதும் அது வந்திருக்க வேண்டும். வரவில்லை. வயதைப் பற்றிய கவலையாக இருந்தால் அது இருவருக்கும் பொதுவாகத்தானே இருக்கும்?

பெண் குழந்தைகளைக் கொல்லாதீர்கள், எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று அரசு தொட்டில் வைத்துக் கெஞ்சிய மாவட்டம் நம்முடையது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் வந்தது. அந்த ஆண்டுகளைத் தாண்டிப் பிழைத்து வந்தவர்கள் இன்றைய இளம் தாய்மார்கள். அவர்களின் மகள்கள்தான் இப்போது பள்ளி மேடையில் நிற்கிறார்கள். உயிரோடு இருக்க இடம் கொடுத்துவிட்டு, உடம்பை அசைக்க இடம் இல்லை என்று சொல்வதில் என்ன நியாயம்?

தலைமையாசிரியர்களையும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாரையும் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஆண்டு விழாவுக்கு முன் விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். உடைக்கும் அசைவுக்கும் எதைச் சொன்னாலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாகவே சொல்லுங்கள். வயிறு தெரியக் கூடாது என்றால் பையனுக்கும் தெரியக் கூடாது. இடுப்பை அசைக்கலாம் என்றால் பெண்ணும் அசைக்கலாம். கூட்டத்தில் விசில் அடித்துக் கெட்ட வார்த்தை பேசுகிறவரை, அவர் யார் வீட்டுப் பெரியவராக இருந்தாலும், வெளியே அனுப்புங்கள். அனுமதியில்லாமல் பிள்ளைகளைப் படமெடுத்துப் பரப்பினால் காவல்துறையிடம் கொடுப்போம் என்று ஒலிபெருக்கியில் அறிவியுங்கள். விழாக் குழுக்களும் தங்கள் ஊர் மேடைக்கு இவற்றை எடுத்துக்கொள்ளட்டும். ஆட வரும் கலைஞருக்குப் பூட்டக்கூடிய ஓர் அறை, பேசிய கூலி, மேடையைச் சுற்றிக் காவல், இந்த மூன்றையும் உறுதி செய்துவிட்டு நிகழ்ச்சியை அறிவியுங்கள். ஆடுகிறவளுக்கு விதி எழுதியது போதும். பார்க்கிறவர்களுக்கு எழுதத் தொடங்குவோம்.