உற்சவமூர்த்தி வாங்கும் ஆலயங்கள் மண் அச்சையும் கேட்க வேண்டும்

காப்பார், கிள்ளான் வட்டார ஆலயங்களில் புதிய உற்சவமூர்த்தி பற்றிய பேச்சு எழுந்தால், சுவாமிமலையின் பெயர் அடிபடாமல் இருக்காது. விலையும் எடையும் விசாரித்தால் மட்டும் போதாது. சிலையின் தரம் மண் அச்சில்தான் இருக்கிறது.

தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் உருவம் செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணை மெல்லியதாகப் பூசுகிறார்கள். நகை, விரல் நுணுக்கம் எல்லாம் பதிவது இந்தப் பூச்சில்தான். அடுத்துக் கனத்த மண் பூச்சு. பெரிய சிலைக்குக் கம்பிக் கட்டும் உண்டு. வெயிலில் மெழுகு இளகும் என்பதால் நிழலில் உலர்த்துவார்கள். ஈரம் தங்கிய அச்சில் உலோகத்தை ஊற்றினால் நீராவி அச்சையே வெடிக்கச் செய்துவிடும்.

மெழுகை உருக்கி வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றப்படுகிறது. சிலையை எடுக்க அச்சை உடைத்தாக வேண்டும். ஓர் அச்சு, ஒரே சிலை. 2023இல் புதுடில்லி ஜி20 மாநாட்டு அரங்கின் முன் நிறுவப்பட்ட 27 அடி நடராசரும் சுவாமிமலை சிற்பிகள் இம்முறையில் வார்த்ததே.

ரப்பர் அச்சில் மெழுகுப் பிரதிகள் எடுத்தால் ஒரே முகத்தில் பல சிலைகள் வார்க்கலாம். அது தவறல்ல. ஆனால், கைவேலை என நம்பி நன்கொடை தரும் பக்தர்களுக்கு அந்த வேறுபாடு தெரிய வேண்டும்.

ஆகவே, கனவார்ப்பா உள்ளீடற்றதா என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதும், மண் பூசும் முன் மெழுகு உருவத்தின் படத்தைக் கேட்டுப் பார்ப்பதும் நிர்வாகங்களின் கடமை. மெழுகில் உள்ள குறையை விரலால் திருத்தலாம். உலோகமான பின் உளிக்கும் எல்லை உண்டு.