அசலான தீவாம், அமைதியாம்!

"டூரிஸ்ட் கால் படாத அசலான கிரேக்கத் தீவு"ன்னு யாராவது ஆரம்பிச்சா எனக்குக் கடுப்பாகுது மக்களே. சான்டோரினி, மிக்கோனோஸ் எல்லாம் கெட்டுப் போச்சாம். 2025 ஜூலையிலேர்ந்து சொகுசுக் கப்பல்ல வந்து இறங்குறவங்ககிட்ட சீசன்ல தலைக்கு 20 யூரோ வாங்குறாங்க, கூட்டம்தான், ஒத்துக்கறேன். அதனால அண்ணாச்சி சின்னத் தீவா பாத்துப் போறார். போகட்டும். ஆனா அங்க போய் நின்னு, "ஆஹா, காலம் அப்படியே உறைஞ்சு நிக்குது"ன்னு உருகறார் பாருங்க, அங்கதான் இடிக்குது.

காலம் உறையல சார், ஆளுங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க.

கஸ்தெலோரிசோவை எடுத்துக்கோங்க. துருக்கிக் கரைக்கு ரெண்டு கிலோமீட்டர்தான். நூறு வருஷத்துக்கும் முன்னாடி கப்பல் வியாபாரத்துல கொழிச்ச ஊர், ஆயிரக்கணக்குல ஜனம். ஒட்டோமான் அரசு சிதைஞ்சதும் எதிர்க்கரை வியாபாரம் அறுந்து போச்சு. 1915-ல பிரெஞ்சுக்காரன் வந்தான், 1921-ல இத்தாலிக்காரன். 1943-ல குண்டுவீச்சு, ஊரையே காலி பண்ண வச்சாங்க. 1944-ல தீயில வீடுகளும் போச்சு. கிளம்பினவங்கள்ல நிறையப் பேர் பெர்த்லயும் சிட்னியிலயுமே தங்கிட்டாங்க. இப்ப சில நூறு பேர்தான். ஆஸ்கார் வாங்கின 'மெடிட்டரேனியோ' (1991) அங்க எடுத்ததுதான். திரையில நாம ரசிச்ச அமைதிக்கு விலை கொடுத்தது யாருன்னு இப்ப புரியுதா?

அனாஃபின்னு இன்னொண்ணு. 1930-கள்ல மெட்டாக்சாஸ் சர்வாதிகாரம் தனக்குப் பிடிக்காத அரசியல் ஆளுங்களைக் கொண்டுபோய்த் தள்ளின தீவு. அன்னிக்குத் தண்டனையா இருந்த தனிமை, இன்னிக்கு பேக்கேஜ்!

இருக்கறவங்க பாடு? காத்து பலமா அடிச்சா கப்பல் ரத்து. டூரிஸ்டுக்கு அது இன்னொரு நாள் லீவு. பிரசவ வலி எடுத்தவளுக்கு? பெரிய ஆஸ்பத்திரி வேற தீவுலயோ ஏதென்ஸ்லயோ இருக்கும். வீடெல்லாம் கோடை வாடகைக்குப் போறதால, ஸ்கூலுக்கு வர்ற வாத்தியாருக்கு ரூம் கிடைக்கறதே பல தீவுகள்ல திண்டாட்டம். இந்த லட்சணத்துல துறைமுகத்தைக் கொஞ்சம் பெருசாக்கினா, "அய்யோ தனித்தன்மை போச்சே"ன்னு ஒப்பாரி. ஆபீஸ்ல நெட் அஞ்சு நிமிஷம் படுத்தா டிக்கெட் மேல டிக்கெட் போடற ஆளுங்கதான் இவங்க.

போங்க, தாராளமா போங்க. ஆகஸ்டை விட்டுட்டு மே, அக்டோபர்ல போனா கடைக்காரருக்கும் நாலு காசு. ஆனா "இங்க எதையும் மாத்திடாதீங்க"ன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிட்டு வராதீங்க.