மைக்கை ஏன் அணைக்கிறாள்?

இரவு எட்டு மணிக்கு நான் தோசை ஊற்றிக் கொண்டிருப்பேன். கூடத்தில் என் பெண், 'நூத்திருபதுல ரெண்டு பேர்... மாடியில... யாரும் சுடாதீங்க, பார்த்துட்டு சொல்றேன்' என்பாள். முதன்முதலில் கேட்டபோது பகீரென்றது! கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கிறாள், மொபைலில் பி.ஜி.எம்.ஐ., விளையாட்டு.

கடந்த 2020ல் பப்ஜியைத் தடை செய்தபோது, 'விட்டது சனி' என்று சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. மறு வருடமே இது வந்து விட்டது. சரி, திட்டுவதற்காவது தெரிந்து கொள்வோமே என்று, ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நூறு பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்கின்றனர். நான்கு நான்கு பேராக அணி. கடைசி வரை நிற்கும் அணிக்கு வெற்றி. வட்டமான எல்லை சுருங்கிக் கொண்டே வரும். எப்போது கிளம்புவது, எந்த வீட்டில் பதுங்குவது என்று ஒருவர் தான் சொல்ல வேண்டும். நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசினால், எதிரியின் காலடிச் சத்தம் கூடக் கேட்காது. அத்தனை பேரும் காலி.

இவள் அணியில் சொல்வது இவள் தான். மற்ற மூவரும் கூடப் படிக்கிற பெண்கள். 'அங்க இருக்கான், அங்க இருக்கான்னு கத்தினா யாருக்கும்மா புரியும்? திசை நம்பர், எத்தனை பேர், எவ்வளவு தூரம். அவ்வளவு தான் சொல்லணும்' என்றாள். ஒருத்தி அடிபட்டு விழுந்தால், 'ஏன்டி போனே?' என்று கேட்பதில்லை. 'புகை போடறேன், ஊர்ந்து சுவர் பக்கம் வா' என்கிறாள். திட்டெல்லாம் ஆட்டம் முடிந்த பிறகு தான். (பால் பொங்கி வழியும்போதே, 'யார் பார்த்துக்கறேன்னு சொன்னது?' என்று ஆரம்பிக்கிற எனக்கு சுருக்கென்றது!)

என்னை உறுத்தியது வேறு. தோழியர் வராத அன்று, முகம் தெரியாத மூவரோடு சேர்ந்து ஆடினாள். வாயே திறக்கவில்லை, வரைபடத்தில் விரலால் குறி வைத்துக் காட்டியதோடு சரி. பின்னால் எதிரி வருவதை இவள் பார்த்தும், அந்தக் குறியை யாரும் கவனிக்காமல் தோற்றுப் போயினர்.

கேட்டதற்கு, 'பொண்ணு குரல்னு தெரிஞ்சா போன் நம்பர் கேப்பாங்க. குடுக்கலேன்னா அசிங்கமா பேசுவாங்கம்மா. அதான் மைக்கை அணைச்சுடறேன்' என்றாள், சர்வ சாதாரணமாக.

'அப்படின்னா ஆடாதே' என்பது தான் என் வாயில் வந்தது, விழுங்கி விட்டேன். ஒருவன் இடித்தால், 'பஸ்சுலயே போகாதே' என்று அந்த நாளில் நம்மிடம் சொன்னார்களே, அதே பேச்சு தானே இது? தப்பாகப் பேசுகிறவன் குரலை மட்டும் அடைக்கவும், அவன் மேல் புகார் செய்யவும் விளையாட்டிலேயே வசதி இருக்கிறதாம். 'அதைச் செய், நீ ஏன் வாயை மூடணும்?' என்றேன். அரை மனதாகத் தலையாட்டினாள்.

அந்தப் பையன்களும் ஏதோ ஒரு வீட்டில் உட்கார்ந்து தானே பேசுகின்றனர்? ஹெட்போன் மாட்டியிருந்தால், எதிராளி பேசுவது நமக்குக் கேட்காது. நம் பிள்ளை பேசுவது கேட்குமே! எத்தனை மணி நேரம் ஆடுகிறான் என்று கணக்குப் பார்க்கும் தாய்மார்கள், என்ன பேசுகிறான் என்றும் ஒருநாள் காது கொடுங்கள்.

இதைச் சொன்னபோது, 'என் பிள்ளை அப்படியெல்லாம் இல்லை' என்று கோபித்துக் கொண்டாள் என் தங்கை. மறுவாரம் போன் செய்தாள். 'அக்கா, கேட்டேன். ஹெட்போனைப் பிடுங்கி பீரோவில் வெச்சுட்டேன். ஆனா, யார்கிட்ட மன்னிப்பு கேக்கச் சொல்றது? அந்தப் பொண்ணு பேரு கூட அவனுக்குத் தெரியலையே!' என்றாள்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை.