நஞ்சில்லாப் பழம் எல்லோருக்கும் வேண்டும்

இயற்கை முறையில் விளைந்த பழம் உடம்புக்குச் செய்யும் முதல் நன்மை, அதில் பூச்சிக்கொல்லி எச்சம் குறைவாக இருப்பதுதான். 343 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, 2014-ல் 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் நியூட்ரிஷன்' இதழில் வெளியான கட்டுரை இதை உறுதி செய்தது. ரசாயன முறையில் விளைந்தவற்றில் எச்சம் தென்படும் வாய்ப்பு, இயற்கை விளைச்சலைப் போல நான்கு மடங்கு. ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகளான பாலிபீனால்களும் இயற்கை விளைச்சலில் கூடுதலாக இருந்தன. வைட்டமின் அளவில் பெரிய வேறுபாடு இல்லை என்று 2012-ல் சொன்ன ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும், எச்சம் குறைவு என்பதை ஒப்புக்கொண்டார்கள்.

எச்சத்தின் அளவு சிறிதுதானே என்று விட்டுவிட முடியாது. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகள் பூச்சியின் நரம்பு மண்டலத்தைத் தாக்கிக் கொல்பவை. மனித நரம்பிலும் அவை தடுப்பது அதே நொதியைத்தான். வளர்ந்துவரும் மூளையும் குறைந்த எடையும் கொண்ட குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். அதைவிட அதிகம், மருந்தைக் கரைத்துத் தெளிக்கும் கூலித் தொழிலாளிக்கு. காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் வானிலிருந்து தெளித்த எண்டோசல்ஃபான் என்ற வேறு வகைப் பூச்சிக்கொல்லியால் பிள்ளைகள் ஊனத்தோடு பிறந்ததாக எழுந்த குரல்தான், 2011-ல் உச்ச நீதிமன்றத் தடை வரை சென்றது.

எந்தப் பழத்தில் அக்கறை அதிகம் தேவை என்பதைத் தோல் சொல்லிவிடும். வாழை, பலா, மாதுளையில் தோலை நீக்கிவிட்டுச் சாப்பிடுகிறோம். திராட்சை, கொய்யா, ஆப்பிள் தோலோடு வாய்க்குள் போகின்றன. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை எடுத்துக்கொள்வோம். அதைச் சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும் எளிதில் பற்றும். அதனால்தான் திராட்சைக்கு அடிக்கடி மருந்தடிக்கிறார்கள். பழத்தின் மேல் படர்ந்திருக்கும் வெள்ளைப் பூச்சைப் பார்த்து மருந்து என்று பலர் பயப்படுவதுண்டு. பெரும்பாலும் அது பழத்துக்கே உரிய மெழுகு. உண்மையான எச்சம் கண்ணுக்குத் தெரியாது. ஓடும் நீரில் தேய்த்துக் கழுவினால் மேலே படிந்தது பெருமளவு போகும். செடி உறிஞ்சிக்கொண்ட மருந்து போகாது.

பழுக்கவைக்கும் முறையும் இதில் சேரும். மாம்பழப் பருவத்தில் குடோன்களில் வைக்கப்படும் கார்பைடு கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கக்கூடும். உணவுப் பாதுகாப்பு விதிகள் அதைத் தடை செய்திருக்கின்றன. எத்திலீன் வாயுவை உரிய அளவில் பயன்படுத்த மட்டுமே அனுமதி உண்டு. மேல் தோல் முழுதும் ஒரே மஞ்சள், உள்ளே கடினமும் புளிப்பும், முகர்ந்தால் மணமில்லை என்றால் அந்தப் பழத்தைச் சந்தேகிக்கலாம்.

'இயற்கைப் பழம்' என்று அட்டையில் எழுதி வைத்தால் மட்டும் போதாது. 2001-ல் தொடங்கிய தேசிய உயிர்ம உற்பத்தித் திட்டமும், விவசாயக் குழுக்களே ஒருவரையொருவர் சரிபார்க்கும் பி.ஜி.எஸ். முறையும் சான்று தருகின்றன. பொட்டலத்தில் இயற்கை விளைச்சலுக்கான சான்று முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது வாங்குபவரின் உரிமை. பழத் தோட்டம் முழுச் சான்று பெற ஏறக்குறைய 3 ஆண்டு மாறுதல் காலம் ஆகிறது. அதுவரை விளைச்சல் குறையலாம், சான்று பெற்ற பழத்துக்கான கூடுதல் விலையும் கிடைக்காது. இந்தச் சுமைதான் சந்தையில் விலையாக ஏறுகிறது. எளிய குடும்பங்களுக்கு அந்தப் பழம் எட்டாமல் போகிறது.

எனவே, இதை வசதி உள்ளவர்களின் விருப்பமாக விட்டுவிடக் கூடாது. மாறுதல் காலத்தில் விவசாயிக்கு அரசு நேரடி உதவித்தொகை தரவேண்டும். ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் திராட்சையில் எச்சத்தைப் பரிசோதித்துச் சான்று தந்த பிறகே கப்பலில் ஏற்றுகிறார்கள். அதே கண்டிப்பு உள்ளூர் மண்டிக்கு வரும் பழத்துக்கும் வேண்டும்; முடிவுகளை மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அதுவரை, எச்சத்துக்குப் பயந்து யாரும் பழத்தைக் குறைக்க வேண்டாம். பழம், காய்கறி சேர்த்து நாளுக்கு 400 கிராமாவது தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தோலோடு தின்னும் பழத்தையாவது சான்று பார்த்து வாங்குங்கள். மற்றதை நன்றாகக் கழுவி, தாராளமாகச் சாப்பிடுங்கள்.